தவளைக்குப் புது டயர்

ஜனவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணியும் அந்தத் தீவுக் காற்றில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? நேற்று போனில் பேசியதில் பாதி நீங்கள், பாதி கடல். அதனால்தான் எழுதுகிறேன்.

தவளை விஷயம். பாலம் கட்டும் வேலைக்குக் கிளம்பும்போது நீங்கள் சொன்னது ஒன்றையும் நான் மீறவில்லை. ஞாயிறுதோறும் உறையை எடுக்கிறேன், துடைக்கிறேன், ஸ்டார்ட் செய்து தெருமுனை வரை போய்த் திரும்புகிறேன். பக்கத்து வீட்டுக் கணக்காளர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்கிறார்: "இவ்வளவு அழகான ஸ்போர்ட்ஸ் காரை இப்படி நடைப்பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி ஓட்டறீங்களே?"

போன ஞாயிறு பின்பக்கத்திலிருந்து தட் தட் தட் என்று ஒரு சத்தம். யாரோ அடியிலிருந்து தட்டிக் கூப்பிடுகிற மாதிரி. நான் வேலை செய்யும் ரத்த ஆய்வகத்திலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து டயர்களைப் பார்த்தேன். பக்கவாட்டில் எல்லாம் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ரத்தத்தில் பார்த்திருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன்.

பஸ் டிப்போவுக்கு எதிரே ஒரு டயர் கடை இருக்கிறது. மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நேராக முன்பக்க மூடியைத் திறந்தார். உள்ளே ஸ்டெப்னியும் உங்கள் பழைய குடையும்தான் இருந்தன. முகம் வெளிறிப் போய் என்னைப் பார்த்தார்.

"மேடம், இன்ஜினை யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க. போலீஸ்ல சொல்லிட்டீங்களா?"

"பின்னாடி இருக்கு."

அவர் திரும்பித் தெருவைப் பார்த்தார். "எங்க, போலீஸா?"

எப்படியோ புரிய வைத்தேன். நான்கையும் மாற்ற வேண்டும் என்கிறார். எந்த டயர் அதிக நாள் உழைக்கும் என்று எழுதுங்கள். வாங்கினால் ரொம்ப காலம் வருகிற மாதிரி வாங்கிவிடலாம்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள்,
சின்னவள்

*

ஜனவரி 21

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய். அந்தத் தட் தட் சத்தம் இடப்பக்கமா, வலப்பக்கமா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்டியின் முன்மூடியைத் திறந்து இன்ஜினைத் தேடுகிற ஆளிடம் இந்த வண்டியைக் காட்டியதே தப்பு. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பஸ், லாரி. தவளை அந்த ஜாதி இல்லை. இன்ஜின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது. ஒரு யானைக்குட்டியை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி. வளைவில் போகும்போது பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் திடீரென்று எடுத்தால், முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். அதைப் பிடித்து வைத்திருப்பது டயர் ஒன்றுதான்.

அடுத்தது, அதிக நாள் உழைக்கும் டயர் இதற்கு வேண்டாம். உழைக்கும் டயர் என்றால் கெட்டி ரப்பர். கெட்டி ரப்பர் ஈரச் சாலையில் பிடிக்காது. வாரத்துக்கு ஒரு முறை தெருமுனைக்குப் போகிற வண்டியின் டயர் தேயவே தேயாது, வயசாகித்தான் போகும். அதற்கு ஏன் நீண்ட ஆயுள்? மிருதுவான, நன்றாகப் பிடிக்கிற டயராக வாங்கு. நான்கும் ஒரே கம்பெனி. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று. பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்ப்பான், ஜாக்கிரதை. முன்னால் காற்று குறைவாக, பின்னால் அதிகமாக.

புது டயர் மேல் ஒரு வழவழப்பு இருக்கும். அது போகிறவரை, முதல் இருநூறு கிலோமீட்டர் மிதமாக ஓட்டித்தான் பழக்க வேண்டும். தெருமுனை போதாது. அந்த டயர்காரனையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டு. ஏதாவது கழன்றால் அவனே பதில் சொல்லட்டும்.

நீ நிதானமானவள். அதனால்தான் தவளையை உன்னிடம் விட்டேன்.

அன்புடன்,
அண்ணன்

(அண்ணி எழுதுவது: கடிதத்தில் எனக்கு இவ்வளவு இடம்தான் மிச்சம். சாப்பிடுகிறாயா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது?)

*

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அண்ணியின் நலமும் அறிய ஆவல். முழங்கால் பரவாயில்லை என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கடைக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். யானைக்குட்டி வரை கடைக்காரர் தலையாட்டிக் கேட்டார். "தலையில் கட்டப் பார்ப்பான்" என்று வந்ததும் நான் நிறுத்தினேன். "படிங்க மேடம், எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். படித்தேன். அவர் எழுந்துபோய், எனக்காக எடுத்து வைத்திருந்த நான்கு டயர்களையும் உள்ளே உருட்டிக்கொண்டு போனார். ஒன்றில் இலக்கத்தைப் பார்த்துவிட்டேன். எனக்கு ஆய்வகத்தில் வேலை கிடைப்பதற்கு முன்னால் செய்தது!

"சத்தியமா நான் பார்க்கல மேடம். இந்த அளவு யாரும் கேட்கறதே இல்லையா, மூலையில கிடந்தது" என்றார். காது மடல் சிவந்துவிட்டது. பொய் சொல்கிறவர்களுக்கு அப்படிச் சிவக்காது.

இப்போது புதிதாக வரவழைக்கிறார். வந்துவிட்டதா என்று கேட்க நான்கைந்து முறை போய்வந்தேன். போனில் கேட்கலாம்தான். ஆனால் டிப்போ எதிரே பஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. நேரில் போனால் டீ வாங்கித் தருகிறார். டயர் மேல் உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். லாரி டயர் இவ்வளவு வசதியான நாற்காலி என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

இரண்டு வகை வருகிறதாம். ஒன்று நீங்கள் சொன்ன மிருது வகை. இன்னொன்று கெட்டி, ஆனால் மூன்று மடங்கு உழைக்குமாம். கெட்டி வகையே வாங்கிவிடட்டுமா? யோசித்துச் சொல்லுங்கள்.

உங்கள்,
சின்னவள்

*

பிப்ரவரி 27

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம், நலம். யோசிக்க ஒன்றும் இல்லை. மிருது. மிருது. மிருது.

உன் கேள்வியே எனக்கு விளங்கவில்லை. ஓடாத வண்டிக்கு மூன்று மடங்கு உழைக்கும் டயர் எதற்கு? வீட்டை விட்டு வெளியே போகாதவளுக்கு மூன்று ஜோடி செருப்பு வாங்குகிற மாதிரி இருக்கிறது. அந்த ஆள் உன் மனதைக் கலைக்கிறான். கெட்டி டயரில் அவனுக்கு லாபம் அதிகமாக இருக்கும்.

டீ வாங்கித் தருகிறான் என்றால் இன்னும் ஜாக்கிரதையாக இரு. எந்த வியாபாரியும் சும்மா டீ வாங்கித் தர மாட்டான்.

இங்கே மூன்றாவது தூண் நின்றுவிட்டது. காற்று அதிகம்.

அன்புடன்,
அண்ணன்

(அண்ணி: அந்தச் செருப்பு உவமையை அடிக்கச் சொன்னேன். கேட்கவில்லை. நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.)

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். ரொம்ப நலம். உங்கள் இருவரின் உடம்பு எப்படி?

டயர் மாட்டியாகிவிட்டது. கடைசியில் கெட்டி வகைதான் வாங்கினேன். அவர் மிருது வகைதான் நல்லது என்று உங்கள் கட்சி பேசினார். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பழி என் மேல்.

நீங்கள் சொன்னபடியே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பழக்கினேன். முதல் நாள் அவர் கதவுப் பிடியை விடவே இல்லை. பஸ் உயரத்தில் உட்கார்ந்து பழகியவர். இதில் தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். இருநூறு கிலோமீட்டர் எப்போதோ முடிந்துவிட்டது. சரியாகப் பழகிவிட்டதா என்று உறுதியாகத் தெரியவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம் பழக்குகிறோம். ஏரிச் சாலை நன்றாக இருக்கிறது. சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று அவர் வாராவாரம் அலைன்மென்ட் பார்க்கிறார். காற்றும் பார்க்கிறார். அவர் பார்த்தால் கவலை இல்லை.

ஒரு சின்ன விஷயம். போன ஞாயிறு தூறல். ஏரிச் சாலை வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. நான் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். நீங்கள் எழுதியது அப்போது ஞாபகம் வரவில்லை, அப்புறம்தான் வந்தது. தவளை அரைச் சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. ஏரி அங்கேயேதான் இருந்தது. இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான். வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. நாய்க்கும் இல்லை.

அப்புறம் அவர் வெளியே பார்த்துவிட்டு, "இந்தப் பக்கமா பார்த்தாலும் நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ரெண்டு பேரும் பத்திரமாக இருக்கிறோம். கவலை வேண்டாம்.

உங்கள்,
சின்னவள்

*

ஏப்ரல் 16

சின்னவளுக்கு,

சுற்றியதா? தவளை சுற்றியதா? அதைச் சின்ன விஷயம் என்று எழுதுகிறாயே! நான் ஜனவரியிலேயே தலைபாடாக அடித்துக்கொண்டேனே, கெட்டி ரப்பர் ஈரத்தில் பிடிக்காது என்று. எதில் சிரிப்பு?

ரெண்டு பேரும் பத்திரம் என்று எழுதியிருக்கிறாய். நீ பத்திரம் என்பது மகிழ்ச்சி. தவளை பத்திரமா என்பதை நான் வந்து அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து, வாராவாரம் அலைன்மென்ட்! உலகத்தில் எந்த வண்டிக்கும் வாராவாரம் அலைன்மென்ட் தேவையில்லை. விமானத்துக்கே தேவையில்லை. அந்த ஆள் உன்னை நன்றாக ஏமாற்றுகிறான். ஆறு வருஷமாகத் தனியாக இருக்கிறவள், கேட்க ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டு ஏதேதோ சொல்லி வரவழைக்கிறான். இனிமேல் அந்தக் கடைப் பக்கம் போகாதே. வண்டியை ஷெட்டில் நிறுத்தி உறையைப் போடு. நான் அவனைக் கவனித்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

(அண்ணி: உன் கடிதத்தை நானும் படித்தேன். உன் அண்ணன் 'டயர்' எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்த்தார். நான் 'அவர்' எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்த்தேன். 'ரெண்டு பேரும்' என்றால் நீயும் காரும் என்று அவர் சாதிக்கிறார். எனக்குத் தனியாக எழுது.)

*

மே 1

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் இரண்டு வரியைப் படித்துவிட்டு நாள் முழுக்க ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. யாராவது பார்த்தால் தெரிந்துவிடும் போல இருந்தது. நீங்கள் நலமா? இருமல் மருந்து வேலை செய்கிறதா?

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "கடையைத் திறந்த நாள்ல இருந்து, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு இருந்தேன். அப்புறம் பார்த்தா எல்லாரும் என்னைப் பெரியவரேன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க" என்றார். பெரிய புத்திசாலி என்று சொல்ல முடியாது, அண்ணி. வண்டியில் ஏறினால் வழி தவறாகச் சொல்வார். பாட்டும் பாடுவார், சுருதியே சேராது.

என் வீட்டுக்காரர் போன பிறகு, வீட்டில் சத்தத்துக்காக நான் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் சமைப்பேன். செய்தியா, பாட்டா என்றுகூடக் கவனிக்க மாட்டேன். யாராவது பேசினால் சரி. இப்போது ரேடியோ எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சோபாவுக்கு அடியில் கிடந்தாலும் கிடக்கும்.

முதல் நாள் கடையில் நான், "ரொம்ப வருஷம் உழைக்கிற டயரா குடுங்க" என்றேன். "அவ்வளவு தூரம் எங்க மேடம் போகப் போறீங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். வீட்டுக்கு வந்து யோசித்தேன். நாற்பத்தொன்பது வயதில், நான் எங்கே போக ஆசைப்படுகிறேன் என்று யாரும் கேட்டதில்லை. அதனால்தான் அண்ணா எவ்வளவு சொல்லியும் கெட்டி டயரையே வாங்கினேன். அண்ணா சொன்னதுதான் சரி, அது வழுக்குகிறது. ஆனாலும் வாங்கினேன்.

தயவுசெய்து அண்ணாவிடம் இப்போது சொல்லாதீர்கள். சொல்ல வேண்டியதை நானே சொல்கிறேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

உங்கள் அன்பு நாத்தனார்

*

மே 14

டிப்போ எதிர் டயர் கடை உரிமையாளருக்கு,

ஐயா,

நான் தவளை என்று எங்கள் வீட்டில் அழைக்கப்படும் காரின் சொந்தக்காரன். என் தங்கை என் சார்பில் அதைப் பார்த்துக்கொள்கிறாள்.

நீங்கள் அவளை வாராவாரம் அலைன்மென்ட் என்றும், காற்று என்றும் வரச் சொல்கிறீர்கள். இது என்ன நியாயம்? எத்தனை மாதத்துக்கு ஒரு முறை அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு பெண் தனியாக வருகிறாள் என்பதால் இல்லாத தேவையை உண்டாக்கி வரவழைப்பது வியாபாரம் அல்ல. இதை இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வியாபாரிகள் சங்கத்தில் புகார் செய்வேன்.

மேலும், ஈரச் சாலையில் வழுக்கும் டயரை இந்த வண்டிக்கு மாட்டியதற்கு உங்கள் விளக்கம் தேவை.

இப்படிக்கு,
பாலம் கட்டும் பொறியாளர்

*

ஜூன் 3

பொருள்: டயர் மற்றும் பிற

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தினரும் நலம் என நம்புகிறேன். தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றேன். நான் டயர் கம்பெனிகளுக்கு மட்டுமே கடிதம் எழுதிப் பழகியவன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டயர் பற்றி: தாங்கள் சொன்னது முற்றிலும் சரி. மிருது டயரே ஏற்றது. ஏரிச் சாலையில் நானும் உள்ளே இருந்தேன்; அதன்பின் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நான்கையும் கழற்றிவிட்டு மிருது வகையை மாட்டிவிட்டேன். அதற்கு மேடம் என்னிடம் மூன்று நாள் பேசவில்லை.

அலைன்மென்ட் பற்றி: தாங்கள் சொன்னது இதிலும் சரி. வாராவாரம் தேவையில்லை. முதல் வாரம், பார்க்க வேண்டும் வாருங்கள் என்று நான்தான் சொன்னேன். இரண்டாம் வாரம் மேடம், "இதுக்குத் தேவையே இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு?" என்று அவர்களே கேட்டார்கள். அதன் பிறகு நாங்கள் இருவரும் தெரிந்தேதான் அலைன்மென்ட் பார்க்கிறோம். இதற்குக் காசு வாங்கவில்லை.

பிற: நான் தங்கள் தங்கையைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறேன். தங்களிடம் முறைப்படி கேட்க வேண்டும் என்று சொன்னேன். "நாப்பத்தொம்பது வயசுல என்னை யார்கிட்ட கேக்கப் போறீங்க? என்கிட்ட கேளுங்க" என்றார்கள். கேட்டேன். சம்மதம் என்றார்கள். ஆகவே தங்களிடம் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். செப்டம்பரில் பதிவாளர் அலுவலகத்தில். ஆனால் தாங்கள் வராமல் அவர்கள் சந்தோஷமாக இருக்க மாட்டார்கள். அதனால் எனக்கும் சந்தோஷம் இருக்காது.

சங்கத்தில் புகார் செய்ய விரும்பினால், இந்த வருடம் செயலாளர் நானே. தாராளமாக அனுப்பலாம்.

தங்கள் நல்லாதரவை என்றும் நாடும்,
கடை உரிமையாளர்

*

ஜூலை 10

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் நலம். உன் அண்ணன் நலமா என்று கேட்காதே, சொல்கிறேன்.

டயர்காரர் கடிதம் வந்த அன்றைக்கு மத்தியானம், உன் அண்ணன் நின்றபடியே படித்தார். முடித்துவிட்டு முதல் வார்த்தையாக, "மாத்தின டயர் எந்தக் கம்பெனின்னு எழுதவே இல்ல" என்றார். அப்புறம் உட்கார்ந்தார். திரும்பப் படித்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"ஏப்ரல்ல இருந்து தெரியும்."

"எப்படித் தெரியும்? எனக்கும் அதே கடிதம்தானே வந்துது?"

"நீங்க டயரைப் படிச்சீங்க. நான் அவளைப் படிச்சேன்."

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். ஒரு டயர் கடைக்காரன் என்றார். என் காரில் என்றார். என்னிடம் கேட்காமல் என்றார். நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: "பக்கத்துல உட்கார வெச்சு ஓட்டுன்னு ஜனவரியில எழுதினது யாரு?"

அதற்குப் பிறகு ஒரு மாதமாக வேலை முடிந்ததும் படகுத் துறைக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார். உனக்குக் கடிதம் எழுத எடுப்பார், வைப்பார். அதனால்தான் பதில் இல்லை. நீ ஒவ்வொரு நாளும் தபாலுக்குக் காத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நேற்று நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அவளுக்கு அவ்வளவு தனியா இருந்துதா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமே" என்றார்.

"நீங்க கேட்டீங்களா?"

"ஒவ்வொரு கடிதத்துலயும் நலமான்னு கேட்டிருக்கேனே!"

"கேட்டீங்க. அவ பதில் சொல்றதுக்குள்ள அடுத்த வரியில வண்டி வந்துடும்."

எழுந்து வரும்போது, "அவன் பாடுவானாமே, சுருதி சேராதாமே" என்றார். உன் கடிதத்தை மேஜை மேல் வைத்திருந்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன். கோபப்பட்டால் என்னிடம் கோபப்படு.

செப்டம்பருக்கு என்ன புடவை என்று எழுது.

உன் அண்ணி

*

ஆகஸ்ட் 5

சின்னவளே,

நலமா?

இதற்கு உன் பதில் வருகிறவரை அடுத்த வரிக்குப் போகக் கூடாது என்று அண்ணி உத்தரவு. தபால் படகின் வேகத்தைப் பார்த்தால் அதற்குள் உன் கல்யாணமே முடிந்துவிடும். அதனால் கேள்விகளை மட்டும் எழுதிவிடுகிறேன். நீ பொறுமையாகப் பதில் எழுது.

ராத்திரி தூக்கம் வருகிறதா? முழங்கால் வலி உண்மையிலேயே பரவாயில்லையா, அல்லது சும்மா எழுதினாயா? அவர் கடையை எத்தனை மணிக்கு மூடுவார்? நீ வேலை விட்டு வரும்போது வீட்டில் யாராவது இருப்பார்களா? கோபம் வந்தால் கத்துவாரா, பேசாமல் இருப்பாரா? பேசாமல் இருக்கிற ஜாதி என்றால் கஷ்டம். அதற்கு நம் வீட்டில் ஏற்கெனவே நான் ஒரு ஆள் இருக்கிறேன். ஏரிக்கரையில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன் என்று எழுதியிருந்தாயே, கடைசியாக நீ அப்படிச் சிரித்ததை நான் எப்போது பார்த்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்துக்கு இத்தனை நாள் ஆயிற்று.

அவரை என்னவென்று கூப்பிடுவது என்று அண்ணியிடம் கேட்டேன். "மாப்பிள்ளைன்னுதான். வேற என்ன? ஐம்பத்து மூணு வயசுன்னா மாப்பிள்ளை இல்லைன்னு ஆயிடுமா?" என்றாள். படகுத் துறையில் யாரும் இல்லாத நேரம் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். வாயில் வந்துவிட்டது.

லீவு கிடைத்துவிட்டது. இரண்டு வாரம் முன்னதாகவே வருகிறோம். செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை காலைப் படகு. துறைமுகத்துக்கு நீங்கள் ரெண்டு பேரும் வாருங்கள். இந்த முறை ரெண்டு பேர் என்றால் யார் என்று எனக்குத் தெரியும். தவளையிலேயே வாருங்கள்.

பெட்டிகளோடு டாக்ஸியில் வருவதாக அண்ணி சொல்லிவிட்டாள். மடித்து உட்கார அவள் உடம்பு ஒத்துக்கொள்ளாதாம். ஆகவே நீ ஓட்டு. மாப்பிள்ளை உன் பக்கத்தில் உட்காரட்டும். அந்த இரண்டு சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை மாதிரி இருக்கிறதே, சாமான் வைப்பதற்கு, அதில் நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வருகிறேன். இத்தனை வருஷம் அந்த வண்டி என்னுடையது, ஆனால் பின்னாலிருந்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இன்ஜின் முதுகுக்கு நேர் பின்னால் கத்தும்; நீங்கள் முன்னால் பேசுவது எனக்கு ஒன்றும் கேட்காது. அதனால் பேசிக்கொண்டே வாருங்கள். ஏரிச் சாலை சுற்றுவழி என்று தெரியும். அந்த வழியாகவே போகலாம்.

அண்ணன்